உப்பை மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

"இரண்டு நாளாகக் கால் துவள்கிறது, படியேற முடியவில்லை" என்று சொல்லித்தான் அந்தப் பெரியவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். எழுபதைக் கடந்தவர். நெடுநாள் இரத்த அழுத்தத்தில் சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகியிருந்தது. நாடி பிடித்தால் நிமிடத்துக்கு 42. இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஈ.சி.ஜி. எடுத்தோம். தாளில், துடித்த இதயம் ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலைகள் கூடாரம் அடித்ததுபோல் கூராக எழும்பி நின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வர வேண்டிய சின்னஞ்சிறு பி அலையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கால்சியம் குளுக்கோனேட்டை இரத்தக்குழாய் வழியாக மெல்ல ஏற்றினோம். மூன்று நிமிடத்துக்குள் மானிட்டரில் கூர்முனைகள் தணியத் தொடங்கின. பிறகு வந்த அறிக்கையில் பொட்டாசியம் லிட்டருக்கு 7.6 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு). இருக்க வேண்டிய அளவு 3.5 முதல் 5 வரை.

"உப்பைக் குறைக்கச் சொன்னீர்களே என்று சோடியம் குறைந்த உப்புக்கு மாறினோம் டாக்டர். அப்பாவுக்கு நல்லதைத்தானே செய்தோம்?" என்று மகள் கேட்டார். அக்கறையால் செய்த காரியம். உப்பைக் குறையுங்கள் என்று சொல்லும் நாங்கள், எந்த உப்புக்கு மாறக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் அது அச்சாகியும் இருக்கிறது. மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம்; அது பழுதானவருக்குப் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கிவிடும்.

பொட்டாசியம் நஞ்சு கிடையாது. நம் உடம்பில் சுமார் 3500 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. இரத்தத்திலும் செல்களைச் சூழ்ந்த நீரிலும் இருப்பது மீதி 2 சதவீதம், அதாவது 60, 70 மில்லிமோல் மட்டும். ஒரு தேக்கரண்டிப் பொட்டாசியம் குளோரைடை 5 கிராம் என்று வைத்தால், அதிலேயே ஏறத்தாழ 67 மில்லிமோல் வந்துவிடுகிறது. செல்லுக்கு வெளியே உடம்பு முழுவதிலும் உள்ள மொத்தப் பொட்டாசியமும் ஒரு கரண்டிக்குள் அடங்கிவிடும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் திகைப்பாக இருக்கிறது.

இந்த உள்-வெளி வேறுபாட்டைக் காப்பது செல்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். சோடியம்-பொட்டாசியம் பம்பு என்பார்கள். ஒரு சுற்றுக்கு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைப்பதுபோல் இரவும் பகலும் இந்த வேலை நடக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டறிந்து 1957-இல் வெளியிட்டார். நோபல் பரிசு கிடைக்க அவர் 1997 வரை காத்திருந்தார்.

செல்சவ்வின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பம்பே நேரடியாக உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பம்பின் நேரடிப் பங்கு சில மில்லிவோல்ட்தான். உள்ளே மிகுதி, வெளியே குறைவு என்று அது ஏற்படுத்தும் சரிவு வழியே பொட்டாசியம், சவ்வில் தனக்கென உள்ள கால்வாய்களில் வெளியே கசிகிறது. நேர்மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டு அது வெளியேற வெளியேற, உட்புறம் எதிர்மின்னழுத்தத்தில் நிற்கிறது. நரம்புச் செல்லில் சுமார் -70 மில்லிவோல்ட், இதயத் தசைச் செல்லில் -90. எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஏழெட்டுப் பங்குதான். அந்த மெல்லிய இடைவெளிக்குக் கணக்கிட்டால், மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு நிகரான மின்புலம்!

இனி அந்தப் பெரியவரின் இதயத்துக்கு வருவோம். வெளியே பொட்டாசியம் 4-லிருந்து 7.6 ஆகும்போது சரிவு குறைகிறது, கசிவும் குறைகிறது. -90-இல் நிற்க வேண்டிய அழுத்தம் -75-ஐ ஒட்டி வந்து நின்றுவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கும் சோடியம் கால்வாய்கள், முழு ஓய்வுநிலைக்குத் திரும்பினால்தான் அடுத்த முறை திறக்கத் தயாராகும். அந்த ஓய்வு கிடைக்காததால் பல கால்வாய்கள் பூட்டியே கிடக்கின்றன. துடிப்பு பரவுவது தடுமாறுகிறது. கால் தசையும் இதே காரணத்தால்தான் துவண்டது. நாங்கள் கொடுத்த கால்சியம் ஒரு துளிப் பொட்டாசியத்தைக்கூட வெளியேற்றாது. சவ்வை அரை மணி, ஒரு மணி நேரம் நிதானப்படுத்தித் தரும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் இன்சுலினும் குளுக்கோஸும் செலுத்தினோம். இன்சுலின் பம்பை முடுக்கிவிட்டுப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்பும். உடம்பை விட்டே அகற்றியது அன்றிரவு செய்த டயாலிசிஸ்.

நேர்மாறான ஒருவரும் நினைவுக்கு வருகிறார். இருபத்தைந்து வயது இளைஞர். முந்தைய இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தவர், விடியற்காலையில் காலைத் தூக்க முடியாமல் கிடந்தார். பக்கவாதம் என்று வீடே பதறிவிட்டது. பொட்டாசியம் 1.9. வாந்தி இல்லை, பேதி இல்லை, சிறுநீரிலும் இழப்பில்லை. இருந்ததெல்லாம் செல்லுக்குள் குடிபோயிருந்தது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து பம்புகளைத் தூண்டி வைத்திருந்தது; உணவுக்குப் பின் எழுந்த இன்சுலின் மீதியைச் செய்துவிட்டது. இத்தகையவருக்குப் பொட்டாசியத்தை அள்ளிக் கொடுக்கக் கூடாது. உள்ளே போனது திரும்பி வரும்போது அளவு எகிறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மணிக்கொரு முறை பார்த்தோம். மாலையில் எழுந்து நடந்தார். தைராய்டுக்கு மருந்து தொடங்கிய பிறகு அவருக்கு அது மீண்டும் வரவில்லை.

பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எண்ணும் சில நேரம் ஏமாற்றும். இரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலும் அப்படியே. எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவர் 6.3 என்ற சீட்டோடு நடுங்கிக்கொண்டு வந்தார். ஈ.சி.ஜி. சீராக இருந்தது. மறுபடி பதமாக எடுத்த இரத்தத்தில் 4.4. ஆனால் இதை நீங்களே முடிவுசெய்து சும்மா இருந்துவிடாதீர்கள். அதே நாளில் ஈ.சி.ஜி.யும் மறுபரிசோதனையும் செய்தாக வேண்டும்.

சிறுநீரகம் நன்றாக இயங்கும் பெரியவர்களுக்குச் சோடியம் குறைந்த உப்பு இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுகிறது. 2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கிறது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், குழந்தைகள் அந்தப் பரிந்துரையில் சேர மாட்டார்கள். ஸ்பைரோனோலாக்டோன், 'பிரில்' என்று முடியும் எனலாப்ரில் வகை, 'சார்ட்டன்' என்று முடியும் டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது. இம்மருந்துகள் பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைப்பவை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கவும் அவை எழுதித் தரப்படுகின்றன. சிறுநீரகம் பழுதானவருக்குத் திடீரெனத் தசை துவண்டாலோ, நாடி தளர்ந்தாலோ, படபடப்பு வந்தாலோ காலைவரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

பெரியவர் பத்து நாள் கழித்து, தாமாக நடந்து வந்தார். பொட்டாசியம் 4.8. மகளின் பையில் மாத்திரை அட்டைகளோடு புதிதாக வாங்கிய உப்புப் பொட்டலமும் இருந்தது. "பின்பக்கம் படித்துப் பார்த்துவிட்டேன், இருந்தாலும் நீங்களும் ஒரு முறை பாருங்கள் டாக்டர்" என்று மேசைமேல் வைத்தார். வாங்கிப் படித்தேன்.