ஃபீஸை ஏற்றாமல் பள்ளியை நடத்த: ஓர் ஆடிட்டரின் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மெட்ரிக் பள்ளி நடத்தும் தாளாளர்கள் ஆடிட்டரிடம் வந்து உட்கார்ந்ததும் கேட்பது, அடுத்த வருஷம் ஃபீஸ் எவ்வளவு ஏற்றலாம் என்றுதான். அது அவர்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. சீட்டுக்கு நன்கொடை வாங்கினால் கல்வி உரிமைச் சட்டத்தில் வாங்கிய தொகையைப்போல் 10 மடங்கு வரை அபராதம் உண்டு. அதே சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசு தரும் பணம் வருகிறபோதுதான் வரும். அதை நம்பிச் சம்பளத் தேதி குறிக்க முடியாது. யூனிஃபார்ம், நோட்டில் லாபம் வைக்கலாமே என்பார்கள். அந்தச் சில்லறைக்காகப் பெற்றோரிடம் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பாக்கிப் பட்டியலை. நம் பக்கம் பாக்கி விழுவதற்குப் பெரும்பாலும் மனசு காரணமில்லை, தேதிதான் காரணம். ஜூனில் முதல் டேர்ம் ஃபீஸ் கேட்கிறோம். மாந்தோப்புக்காரர் அப்போதுதான் காய் இறக்கிக்கொண்டிருப்பார். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போட்ட காய்க்குப் பணம் வரப் பலருக்கு ஆடி தாண்டிவிடும். புளியந்தோப்பு உள்ளவருக்கு மாசி, பங்குனியில்தான் காசு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் வருவார். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீட்டில் சின்னச் சின்னத் தொகையாகக் காசு வந்துகொண்டே இருக்கும், ஆனால் மொத்தமாக நிற்காது.

அதனால் சேர்க்கையின்போதே, "உங்களுக்கு எப்போது பணம் புரளும்?" என்று கேட்டுத் தவணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொகை மாறாது, தேதி மட்டும் மாறும். இப்படிச் செய்த பள்ளிகளில் மார்ச் மாதப் பாக்கிப் பட்டியல் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். டி.சி.யைப் பிடித்து வைத்து வசூலிக்கிற பழைய வழியும் இப்போது அடைபட்டுவிட்டது. கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விடுதி உள்ள பள்ளி என்றால் இன்னொன்றும் செய்யலாம். கேழ்வரகும் தக்காளியும் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். விளைவிக்கிற பெற்றோரிடமே சந்தை விலைக்கு வாங்கி ஃபீஸில் கழித்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுகிற வாரங்களில் அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம். ஆனால் வாய்க்கணக்கு கூடாது. வாங்கிய பொருளுக்கு வவுச்சர், ஃபீஸுக்கு ரசீது, இரண்டும் முழுத் தொகைக்கு இருக்க வேண்டும்.

சரி, செலவுக்கு வருவோம். சம்பளத்தில் கை வைக்காதீர்கள். ஆண்டு நடுவில் ஒரு நல்ல கணக்கு டீச்சர் போனால் அடுத்த சேர்க்கையில் தெரியும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாமல் மிச்சம் பிடித்தது பின்னால் வட்டியும் அபராதமுமாகத் திரும்பி வரும்.

பணம் ஒழுகுகிற இடம் பஸ். டீசல் பில்லை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பஸ்ஸும் பிள்ளைகளே இல்லாமல் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். பஸ்ஸை இரவு பள்ளியில் நிறுத்தினால் காலையில் காலியாகக் கடைசி ஊருக்குப் போக வேண்டும், மாலையில் காலியாகத் திரும்ப வேண்டும். கடைசி ஊர்க்காரரையே டிரைவராக வைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து அங்கேயே நிறுத்தினால் அந்த இரண்டு ஓட்டமும் மிச்சம். (டீசல் திருட்டுக்கு டேங்க் பூட்டும் ஓடோமீட்டர் பதிவும் வேண்டும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) பெரிய வகுப்புகளையும் சின்ன வகுப்புகளையும் முக்கால் மணி நேரம் தள்ளித் தொடங்கினால், பக்கத்து ஊர்களுக்கு ஒரே பஸ் இரண்டு நடை அடிக்கும். ஒரு வண்டி குறைந்தால் டிரைவர், உதவியாளர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) செலவு எல்லாம் குறையும். ஆனால் டயர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 2012-ம் ஆண்டுப் பள்ளி வாகனச் சிறப்பு விதிகளை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

மின் கட்டணத்தில் அனுமதி பெற்ற லோடு, அதாவது ஒரே நேரத்தில் இவ்வளவு இழுக்கலாம் என்று மின்வாரியத்திடம் வாங்கிய அளவு, எவ்வளவு என்று பாருங்கள். கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் போவதால், என்றோ தேவைக்கு மேல் வாங்கி வைத்த லோடுக்குப் பள்ளி மூடியிருக்கிற மாதமும் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். சோலார் பள்ளிக்குப் பொருத்தம்தான். வெயில் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்று. ஆனால் வெயில் கொளுத்துகிற மே மாதம் பள்ளி லீவு. அந்த மின்சாரம் எப்படிக் கணக்கில் வரும் என்று மின்வாரியத்தில் கேட்காமல் பேனல் வாங்காதீர்கள்.

தருமபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். கேன் தண்ணீருக்கும் டேங்கருக்கும் கோடையில் கொட்டுகிற பணத்தைக் கூட்டிப் பாருங்கள். 10,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர். தொட்டி கட்ட ஒரு முறைதான் செலவு.

கடைசியாக வாடகை. மைதானத்தை கிரிக்கெட் அகாடமிக்கும், ஹாலை விசேஷத்துக்கும் விடலாம், நல்ல வருமானம். ஆனால் ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஃபீஸுக்கு வரி விலக்கு, வாடகைக்கு வரி. பதிவு செய்ய வேண்டுமா என்பதற்கான 20 லட்ச ரூபாய் வரம்பில் விலக்குள்ள ஃபீஸும் சேரும். ஃபீஸ் வரவு 60 லட்சம், மைதான வாடகை வெறும் ஒரு லட்சம் என்றாலும் பதிவு செய்தாக வேண்டும். வாடகைக்குத் தனிக் கணக்குப் புத்தகமும் வேண்டும். வருமான வரி விலக்கு வேண்டுமானால் பள்ளியை நடத்தும் டிரஸ்டுக்குக் கல்வி மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் அழுத்திச் சொன்ன பிறகு, டிரஸ்டின் மற்ற வருமானத்தை வருமான வரி அதிகாரிகள் கூர்ந்துதான் பார்ப்பார்கள். மைதான வாடகையை ரொக்கமாக மேசை டிராயரில் போட்டு வைக்கிற தாளாளர்கள் அதை இந்த வாரமே பேங்கில் கட்டிவிடுங்கள்.