லென்ஸைக் குறை சொல்லும் முன்: 600 மி.மீ. ஜூமில் பறவையும் நிலவும்

600 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஒன்றின் விலை பத்து லட்சத்தைத் தாண்டும், எடையும் மூன்று கிலோ வரும். அதனால் நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது சிக்மா அல்லது டாம்ரானின் 150-600, நிக்கானின் 200-500, சோனியின் 200-600 போன்ற ஒன்றுதான். பெரும்பாலானவை இரண்டு கிலோவுக்கு முன்பின். 600-இல் அப்பெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 6.3 வரைதான் திறக்கும் (நிக்கான் 200-500 மட்டும் கடைசி வரை எஃப் 5.6). இவற்றை வாங்கிய சில வாரங்களில் எழும் புகாரும் ஒன்றே: "600-இல் படம் சொதசொதவென்று வருகிறது, லென்ஸ் சரியில்லை." லென்ஸே பழுதாக இருப்பதும் உண்டுதான். ஆனால் அப்படிச் சொல்லும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெரும்பாலும் காற்று, தூரம், ஷட்டர் வேகம், முன்னால் மாட்டிய மலிவு ஃபில்டர் ஆகிய நான்கில் ஒன்றுதான் குற்றவாளி.

லென்ஸ் நல்லதா என்பதை வாங்கிய முதல் வாரத்திலேயே, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், வீட்டில் பார்த்துவிடலாம். காலை ஏழு மணிக்குள், நிழலான சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டுங்கள். எட்டுப் பத்து மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை நிறுத்துங்கள். ஸ்டெபிலைசரை (நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) அணைத்து, இரண்டு விநாடி டைமர் வைத்து, 600-இல் எஃப் 6.3-க்கு ஐந்து படம், எஃப் 8-க்கு ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். பிறகு இதையே 500-இல் செய்யுங்கள். எஃப் 6.3-ஐவிட எஃப் 8 சற்றுக் கூர்மையாக இருப்பதும், 600-ஐவிட 500 தெளிவாக இருப்பதும் இந்த வகை லென்ஸுக்கு இயல்பு. ஆனால் தாளின் இடது ஓரம் பளிச்சென்றும் வலது ஓரம் கரைந்தும் வந்தால், கேமரா சுவருக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நேராக நின்றும் அப்படியே வந்தால் உள்ளே கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே மடங்கும் கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வியூஃபைண்டர் வழியே ஃபோகஸ் செய்த படத்தையும் லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) ஃபோகஸ் செய்த படத்தையும் ஒப்பிடுங்கள். லைவ் வியூ படம் மட்டும் கூர்மை என்றால் லென்ஸில் பழுதில்லை, ஃபோகஸ் சென்சாரின் கணக்கு சற்றுத் தள்ளியிருக்கிறது. கேமராவின் ஏஎஃப் ஃபைன் ட்யூனில் அதைத் திருத்தலாம். சிக்மாவுக்கு அதன் யுஎஸ்பி டாக்கிலும், டாம்ரானின் இரண்டாம் தலைமுறை லென்ஸுக்கு டாப்-இன் கன்சோலிலும் தூரத்துக்கு ஏற்பத் தனித்தனியாகத் திருத்த வசதி உண்டு. மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் சென்சாரிலேயே ஃபோகஸ் நடப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இந்த லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபில்டர் அளவு 95 மி.மீ. அந்த அளவில் சல்லிசாகக் கிடைக்கும் யுவி ஃபில்டர்களின் பரப்பு முழுக்கச் சமதளமாக இருப்பது அரிது. 50 மி.மீ. லென்ஸில் தெரியாத அந்தக் கோணல் 600-இல் இரட்டைக் கோடாகத் தெரியும். கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்புக்கு லென்ஸ் ஹுட் போதும்.

தூரமும் காற்றும்

சென்சாரில் பறவை எவ்வளவு பெரிதாக விழும் என்பது எளிய கணக்கு: பறவையின் அளவை லென்ஸின் மி.மீ.-ஆல் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் போதும். வெண்மார்பு மீன்கொத்தி 28 செ.மீ. நீளம். 600-இல், பத்து மீட்டர் தூரத்தில் அது சென்சாரில் கிட்டத்தட்ட 17 மி.மீ. விழும், அதாவது ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் 36 மி.மீ. அகலத்தில் கிட்டத்தட்டப் பாதி. முப்பது மீட்டர் என்றால் 5.6 மி.மீ. ஐம்பது மீட்டர் என்றால் மூன்றரைக்கும் கீழே. ஐம்பது மீட்டர் மீன்கொத்தியை கிராப் செய்து (படத்திலிருந்து வெட்டி) பெரிதாக்கிவிட்டு இறகு தெரியவில்லை என்றால், அதற்கு எந்த லென்ஸும் பொறுப்பல்ல. யானைக்குக் கணக்கு தலைகீழ். மூன்று மீட்டர் உயர யானை முப்பது மீட்டரில் நின்றால் 600-இல் படத்துக்குள்ளேயே அடங்காது, 200 போதும். முதுமலை சஃபாரி வண்டியில் இந்த ஜூமின் கீழ்முனைதான் அதிகம் உழைக்கும்.

இரண்டு மடங்காக்கலாமே என்று, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் டெலிகன்வெர்ட்டர் தேடுகிறவர்கள் உண்டு. 1.4 மடங்கு மாட்டினாலே எஃப் 6.3 என்பது எஃப் 9 ஆகிவிடும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் தடுமாறும், கூர்மையும் குறையும். கிராப் செய்வதே மேல்.

காற்றின் கதைக்கு வருவோம், அதிகப் படங்களைக் கெடுப்பது அதுதான். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, தண்ணீருக்கு அப்பால் நீர்க்கடம்பு மரங்களில் இருக்கும் நத்தைகுத்தி நாரையைக் காலை பத்தரைக்கு எடுக்கிறீர்கள். ஷட்டர் 1/2000, ஃபோகஸ் சரி, கை நடுங்கவில்லை. ஆனாலும் இறகுகள் எண்ணெய் தடவிய கண்ணாடி வழியே பார்த்ததுபோல் வருகின்றன. இடையில் சூடேறிய காற்று அடுக்கடுக்காக அசைந்து ஒளியை வளைக்கிறது, கானல் என்று நாம் சொல்வதும் இதுவே. கண்டுபிடிக்க ஒரு வழி: லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி மரக்கிளையின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் நெளிந்தால் அன்றைய தூரப் படங்கள் முடிந்தன. தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் ஒன்று சுமாராகவும் மற்றவை ஆளுக்கொரு விதமாகவும் மங்கினால் அதுவும் கானலின் அடையாளம். விலை உயர்ந்த லென்ஸும் இதில் தப்பாது.

தார் ரோடு, வறண்ட ஏரிப்படுகை, கோடியக்கரைப் பக்கத்து உப்பளம் ஆகியவற்றின் மேலே இது மோசமாக இருக்கும். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இருபது மீட்டருக்குள் இருக்கும் பறவைகளோடு திருப்தி அடைய வேண்டும். காரில் உட்கார்ந்து எடுக்கும்போதும் இதே சிக்கல் வரும். ஏ.சி.யின் குளிர்காற்றும் வெளிச்சூடும் ஜன்னலில் கலக்கும் இடத்தில்தான் உங்கள் லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி.யையும் எஞ்சினையும் நிறுத்திவிட்டு, எல்லா ஜன்னலையும் இறக்கிச் சில நிமிடம் பொறுத்து எடுங்கள்.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பறவையின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500, தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சிறு பறவைக்கு 1/1000, பறக்கும் நாரைக்கு 1/1600, பாயும் மீன்கொத்திக்கு 1/3200. மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) ஆட்டோவில் விடுங்கள். வானம் தெளிந்திருந்தால் எஃப் 8, காட்டுக்குள் காலை ஆறரை மணி இருட்டில் எஃப் 6.3. அப்போது ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறத்தான் செய்யும், ஏறட்டும். ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படம்) புள்ளிகளைக் குறைக்க மென்பொருள் இருக்கிறது, அசைந்து மங்கிய கண்ணை முழுமையாக மீட்பது கடினம். வெண்கொக்கு, கரண்டிவாயன் போன்ற வெள்ளைப் பறவைகள் இருண்ட பின்னணியில் இருந்தால் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 அல்லது 1-க்கு இறக்குங்கள். இறகு ஒருமுறை வெளுத்துவிட்டால் திரும்பாது.

பத்து மீட்டரில் 600, எஃப் 6.3 என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஃபுல் ஃப்ரேமில் பத்து செ.மீ., அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் ஏழு. சிறகில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். தொடர் ஃபோகஸில் வைத்து, ஒற்றை ஃபோகஸ் புள்ளியையோ சிறு புள்ளிக் கூட்டத்தையோ கண்ணில் வையுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள ஃபோகஸ் லிமிட்டரைப் பத்து மீட்டர் முதல் முடிவிலி வரை என்று வைத்தால் முன்னும் பின்னும் அலைவது குறையும். அதையே மறந்துவிட்டு, ஆறு மீட்டரில் வந்து உட்கார்ந்த பறவைக்கு ஃபோகஸ் பிடிக்கவில்லை என்று லென்ஸைத் திட்டுவதும் நடக்கிறது!

இடது கை லென்ஸின் அடியில், ஹுட்டுக்கு அருகே வரை போகட்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். கார் ஜன்னலிலும் மதில் சுவரிலும் ட்ரைபாடைவிடப் பீன் பேக் நல்லது. பையைக் காலியாக எடுத்துப் போய், போன ஊரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

நிலவுக்கு மாறும்போது

நிலவின் அகலம் வானத்தில் அரை டிகிரி. சென்சாரில் அது லென்ஸின் மி.மீ.-இல் 110-இல் ஒரு பங்காக விழும். 600-க்கு ஐந்தரை மி.மீ., அதாவது முப்பது மீட்டரில் இருக்கும் அந்த மீன்கொத்தி அளவு. 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் இது சுமார் 1400 பிக்சல், அதே மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 900 சொச்சம். நிலவுக்குக் கிராப் சென்சார் கேமராதான் லாபம்.

பௌர்ணமியில் எடுப்பவர்களே அதிகம், விவரம் குறைவாகத் தெரிவதும் அன்றுதான். வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழல் இல்லை, நிலவு தட்டையாக வரும். நாள்காட்டியில் வளர்பிறை சஷ்டி முதல் ஏகாதசி வரை பாருங்கள். ஒளியும் இருளும் சேரும் கோட்டில் குழிகளின் விளிம்பு நீண்ட நிழலோடு நிற்கும். அஷ்டமியன்று பொழுது சாயும் நேரத்தில் நிலவு உச்சிக்கு அருகில் இருக்கும், இடையில் காற்றும் குறைவு. சூப்பர் மூனுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மிக அருகிலும் மிகத் தொலைவிலும் இருக்கும்போது அதன் அகலத்தில் வித்தியாசம் 14 சதவீதம் அளவுக்குத்தான்.

கேமராவை ஆட்டோவில் விட்டால் கறுப்பு வானத்தைப் பார்த்து நிலவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். மேனுவலில், பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/400. அஷ்டமிக்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/200. இவை தொடக்கப் புள்ளிகள், மெல்லிய மேகம் இருந்தால் மாறும். 600-இல் நிலவு ஒரு பிக்சல் நகரச் சுமார் பத்தில் ஒரு விநாடி ஆகும், எனவே 1/100-ஐவிட வேகமான ஷட்டரில் எதுவும் அதன் ஓட்டத்தால் மங்காது. மங்கினால் ட்ரைபாட் ஆடுகிறது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், ஸ்டெபிலைசரை அணையுங்கள், டைமரோ ரிமோட்டோ பயன்படுத்துங்கள், டிஎஸ்எல்ஆர் என்றால் மிரர் லாக்-அப் (கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்துவது).

ஃபோகஸ் வளையத்தை முடிவிலி வரை திருகி நிறுத்துவது பரவலான தவறு. இந்த லென்ஸ்கள் முடிவிலியைத் தாண்டியும் திரும்பும். நிலவின் ஓரத்தில் ஆட்டோஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில் நிழல்கோட்டருகே ஒரு குழியைப் பத்து மடங்கு பெரிதாக்கிச் சரிபாருங்கள். லென்ஸ் செங்குத்தாக நிமிரும்போது நீண்ட ஜூம் குழல் தன் எடையில் சரியும், பூட்டை மறக்காதீர்கள்.

ஒரே படத்தோடு நிற்காமல் எழுபது, எண்பது எடுங்கள். பிப், ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் மூன்றும் இலவச விண்டோஸ் மென்பொருள்கள். முதலாவது நிலவை நடுவில் நிறுத்தி வெட்டித் தரும். இரண்டாவது காற்று அமைதியாக இருந்த கணங்களின் படங்களைப் பொறுக்கி அடுக்கும், மேலே வந்த கால்வாசியைச் சேர்த்தால் போதும். மூன்றாவதில் வேவ்லெட் என்ற கூர்மையாக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். மிகைப்படுத்தினால் விளிம்பில் வெள்ளைக் கோடு முளைக்கும், அந்த இடத்தில் பின்வாங்குங்கள்.

கோபுரத்தோடு நிலவு வேண்டும் என்றால் மீண்டும் அந்த 110 தான். பத்தடிக் கலசம் நிலவின் அகலத்துக்குச் சமமாகத் தெரிய 1100 அடி தள்ளி நிற்க வேண்டும். பௌர்ணமிக்கு முந்தின மாலை நல்லது. சூரியன் மறையும் முன்பே நிலவு எழுந்துவிடுவதால் கோபுரத்திலும் வெளிச்சம் இருக்கும். இதே ஆசையில் மறையும் சூரியனை நோக்கி இந்த லென்ஸைத் திருப்பி வியூஃபைண்டரில் கண்ணை வைக்காதீர்கள். லென்ஸின் முன்பக்கம் மாட்டும் முறையான சோலார் ஃபில்டர் இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண்ணும் சென்சாரும் நிரந்தரமாகக் கெடும்.

பறவைக்கு அருகே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். தாய்ப்பறவை அலகில் இரையோடு கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையிலேயே உட்கார்ந்திருந்தால், நீங்கள் நிற்கும் இடம் தவறு. அது விலகியிருக்கும் நேரத்தில் முட்டை வெயிலில் வேகும், காக்கை எடுத்துப் போகும். கூட்டுப் படம் எடுக்காமல் இருப்பதே சரி. ஃபோனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம்.

கடைசியாகப் பராமரிப்பு. ஏ.சி. அறையிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்குக் கொண்டுவரும்போது லென்ஸைப் பையிலேயே மூடிவைத்து அரைமணி பொறுங்கள், இல்லையேல் முன்கண்ணாடி வியர்க்கும். நீண்டு சுருங்கும் ஜூம்கள் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கும். வீட்டில் டிரை கேபினட் இருந்தால் 40-50 சதவீத ஈரப்பதம், இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். பழைய லென்ஸ் வாங்கினால் இரு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சில தூசிப் புள்ளிகள் படத்தில் தெரியாது. சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.