சொல் விளக்கம்: ஹெர்பேரியம்

ஹெர்பேரியம் (பெயர்ச்சொல்): 1. அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, விவரச்சீட்டு இட்டு, வகைப்பாட்டு வரிசையில் அடுக்கிய தாவர மாதிரிகள், உலர்தாவரத் தொகுப்பு. 2. அவற்றைப் பாதுகாக்கும் கட்டடம் அல்லது நிறுவனம், உலர்தாவரக் காப்பகம்.

'மூலிகையகம்', 'மூலிகைப் பண்ணை' என்று சிலர் எழுதுவது பிழை. லத்தீனில் 'ஹெர்பா' என்றால் புல், பூண்டு, தண்டு முற்றி மரமாகாத செடி. மருந்து என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் கட்டாயமாக இல்லை. ஹெர்பேரியத்துக்குள் கருவேலங்கிளையும் இருக்கும், கோரைப்புல்லும் இருக்கும், கடற்பாசியும் பெரணியும் இருக்கும். அக்வேரியம், பிளானட்டேரியம் ஆகியவற்றில் வரும் 'ஏரியம்' ஈறுதான் இதிலும் வருகிறது. 'இன்னது இருக்கும் இடம்' என்பது அதன் பொருள்.

ஆனாலும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் 'ஹெர்பேரியம்' என்றால் மருந்துச் செடிகளைப் பற்றிய நூல்தான். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டும் பழக்கம் வந்தபோது அதற்கு வேறு பெயர்களே வழங்கின. 16-ஆம் நூற்றாண்டில் பீசா நகரில் கற்பித்த லுக்கா கினிதான் இம்முறையைத் தொடங்கிவைத்தவர் என்பது பொதுவான கருத்து. செடியை உலர்த்தி வைக்கும் செய்முறையை 1606-இல் அச்சில் விளக்கிய அட்ரியான் ஸ்பீகல், அந்த ஏட்டைக் 'குளிர்காலத் தோட்டம்' என்றார். பனிக்காலத்தில் வெளியே ஒரு செடியும் கிடைக்காதபோது மாணவருக்குக் காட்ட இதுதானே இருந்தது! மிகப் பரவலாக வழங்கிய பெயர் 'ஹோர்டஸ் சிக்கஸ்'. ஹோர்டஸ் என்றால் தோட்டம், சிக்கஸ் என்றால் உலர்ந்தது, தமிழில் 'உலர்தோட்டம்'. 1700 வாக்கில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூர்னஃபோர் 'ஹெர்பேரியம்' என்ற பழஞ்சொல்லை நூலிலிருந்து எடுத்து, உலர்ந்த தொகுப்புக்குச் சூட்டினார். அதை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஏற்றுக்கொண்டதால் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

உலர்தோட்டம், ஹெர்பேரியம் ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதற்கு ஹான்ஸ் ஸ்லோனின் தொகுப்பைவிட நல்ல சான்று கிடையாது.

ஸ்லோன் 1660-இல் அயர்லாந்தின் கில்லிலேயில் பிறந்தவர். மருத்துவம் படிக்கப் பாரிஸ் போனபோது டூர்னஃபோரிடமே தாவரவியல் கேட்டார். 1687-இல் ஜமைக்கா ஆளுநராகப் போன ஆல்பமார்ல் பிரபுவுக்கு மருத்துவராக உடன் சென்று, சுமார் 15 மாதம் அங்கே இருந்தார். பிரபு இறந்துபோகவே 1689-இல் ஏறத்தாழ 800 தாவர மாதிரிகளோடு லண்டன் திரும்பினார். அவற்றை விவரிக்கும் ஜமைக்கா நூலின் முதல் தொகுதி 1707-இலும் இரண்டாவது 1725-இலும் வந்தன. 1695-இல் அவர் மணந்த எலிசபெத்துக்கு முதல் கணவர் வழியில் ஜமைக்காக் கரும்புத் தோட்டங்களின் வருமானம் வந்துகொண்டிருந்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த பணம் அது. ஜமைக்காவில் எந்தச் செடி எதற்கு உதவும் என்ற செய்திகள் பலவும் ஸ்லோனுக்கு அந்த அடிமை ஆப்பிரிக்கர்களிடமிருந்தே கிடைத்தன. 'அறிவொளிக்காலச் சேகரிப்பாளர்' என்று அவரைப் பாராட்டும் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போவது சரியல்ல.

பணம் வந்த பிறகு அவர் செடி தேடி அலையவில்லை. பிறர் சேர்த்ததை வாங்கினார். 1693 முதல் ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்தின் செயலாளர், 1727 முதல் 1741 வரை அதன் தலைவர் என்பதால் உலகின் பல துறைமுகங்களிலிருந்து அவருக்குப் பொட்டலங்கள் வந்தன. 1753-இல் அவர் இறந்தபோது எல்லாச் சேகரிப்பும் சேர்த்து, ஏடுகளில் ஒட்டிய செடிகளைத் தனித்தனியே எண்ணாமலே, 71,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். 20,000 பவுண்டுக்கு அதை நாட்டுக்குத் தரச் சொல்லி உயில் எழுதியிருந்தார். அவ்வாறு பிறந்ததே பிரிட்டிஷ் மியூசியம், 1759-இல் திறக்கப்பட்டது. தாவர ஏடுகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 265 தொகுதிகளாக உள்ளன. மாதிரிகள் ஏறத்தாழ 1,20,000.

'தொகுதி' என்பதைக் கவனியுங்கள். இவை தைத்துக் கெட்டி அட்டை போட்ட புத்தகங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று செடிகளும் ஒட்டியிருக்கும். அடுக்கும் பெரும்பாலும் அனுப்பியவர் பெயரால்தான்; செடியின் இனத்தால் அல்ல. ஒரே செடி ஜமைக்காத் தொகுதியில் ஒரு தடவை, வேறொருவர் அனுப்பிய தொகுதியில் மறுபடி ஒரு தடவை வரலாம். தேடுவதற்காக ஸ்லோன் ஒரு வழி வைத்திருந்தார்: ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் ரே எழுதிய 'தாவர வரலாறு' நூலின் தம் சொந்தப் படியில், ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பக்கத்திலும் தொகுதி எண்ணையும் ஏட்டெண்ணையும் குறித்து, அச்சிட்ட நூலையே அட்டவணை ஆக்கிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பெயரும் வகைப்பாடும் மாறினால் புத்தகத்தைப் பிரிக்க முடியாது. ஏட்டைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் காய்ந்த இலை வளைந்து நொறுங்கும். பருத்த காயோ கணுவோ இருந்தால் எதிர்ப்பக்கச் செடியையும் நசுக்கும்.

1736-இல் லண்டன் வந்து இத்தொகுப்பைப் பார்த்த லின்னேயஸுக்கு அதன் ஒழுங்கு திருப்தி தரவில்லை. அவர் முறை வேறு: ஒரு தாளில் ஒரே செடி, தாள்களைத் தைக்கக் கூடாது. 1751-இல் வெளியிட்ட தாவரவியல் கோட்பாட்டு நூலில் தாவரங்களைத் தாம் பிரித்த 24 வகுப்புகளுக்கும் தட்டு பிரித்த அலமாரியின் படத்தையே தந்தார். தாள் தனித்தனி என்பதால், பெயர் மாறினால் உருவி எடுத்து வேறு தட்டில் வைத்தால் போதும். அதனால், ஸ்லோனின் ஏடுகளை அருங்காட்சியகம் ஹெர்பேரியம் என்றே அழைத்தாலும், தமிழில் 'உலர்தோட்ட ஏடுகள்' என்று எழுதினால் அமைப்பும் சேர்த்து விளங்கும்.

அந்த ஏடுகளில் சென்னையும் இருக்கிறது. 1690-களில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரச் செடிகளை உலர்த்தித் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக அவை ராயல் சொசைட்டிக்குப் போக, மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை விவரித்து அதன் இதழில் வெளியிட்டார். தமிழை அவர்கள் 'மலபார்' என்றே எழுதினார்கள். கேட்டதை ரோமன் எழுத்தில் குறித்ததால் ழகர, றகரமெல்லாம் உருமாறிப் போயின. பெயரை மட்டும் வைத்துச் செடியை முடிவு செய்யாமல் மாதிரியோடு ஒப்பிடவேண்டும். 1718-இல் பெட்டிவர் இறந்தபின் அவர் சேகரிப்பு மொத்தமும் ஸ்லோனிடம் போய்ச் சேர்ந்தது.

இனி, செய்முறையோடு வரும் சொற்கள். பூவோ காயோ உள்ள கிளையைத்தான் பறிக்கவேண்டும். சிறு செடி என்றால் வேரோடு. எடுத்த இடம், தேதி, உயரம், பூவின் நிறம், பால் வடிகிறதா என்பதையெல்லாம் களக்குறிப்பேட்டில் அங்கேயே எழுதவேண்டும். காய்ந்தபின் நிறமும் பாலும் தெரியாது. செய்தித்தாளுக்குள் விரித்து வைக்கும்போது ஓர் இலையையாவது புரட்டி அடிப்பக்கம் தெரிய விடவேண்டும். நீண்ட புல்லை வெட்டாமல் மடக்கி வைக்கலாம். பிறகு தாவர அழுத்தி: இரு சட்டகப் பலகை, இடையில் ஒற்றுத்தாள், வெளியே வார். முதல் 24 மணி நேரத்தில் செடி நீர் விடும். அப்போது தாளை மாற்றி இலைகளைச் சரிசெய்யவில்லை என்றால் கருத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். கள்ளி, கற்றாழை வகைகள் அழுத்தியிலும் உயிரோடிருந்து இலையை உதிர்க்கும். கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்தால்தான் அடங்கும்.

ஒட்டும் தாள் ஏறத்தாழ 42 × 28 செ.மீ., அமிலமற்றது. விவரச்சீட்டு வலப்புறக் கீழ்மூலையில். மாவுப்பசை கூடாது, பூச்சிக்கு அது விருந்து. புகையிலை வண்டு சூரியகாந்திக் குடும்பத்தையும் கொத்தமல்லிக் குடும்பத்தையும் முதலில் தின்னும். முன்பு மெர்குரிக் குளோரைடு கரைசலில் நனைத்தார்கள். பழைய தாளைக் கையுறையில்லாமல் தொடக் கூடாது என்பது அதனால்தான். இப்போது பல காப்பகங்களில் கட்டுகளை ஆழ்உறைபெட்டியில் சில நாள் வைத்துப் பூச்சியைக் கொல்கிறார்கள். ஒரு சிற்றினத்துக்குப் பெயர் சூட்டும்போது சுட்டிய மாதிரி 'வகைமாதிரி'; ஆய்வுக்கு ஆதாரமாக வைப்பது 'சான்றுமாதிரி'. இரண்டையும் வெறுமனே 'மாதிரி' என்று எழுதினால் பொருள் கெடும்.

காப்பகம் என்ற பொருளில் 'உலர்தாவரகம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். சுருக்கமானதுதான், ஆனால் தாவரம், அகம் இரண்டும் புணர்ந்தால் 'தாவரவகம்' ஆகவேண்டும் என்று இலக்கணம் பார்ப்பவர்கள் மறுப்பார்கள். 'ஆவணக் காப்பகம்' போல 'உலர்தாவரக் காப்பகம்' என்றால் சிக்கல் இல்லை.

கட்டுரையில் மாதிரியைச் சுட்டும்போது காப்பகத்தின் பன்னாட்டுக் குறியீட்டையும் சேர்க்கவேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரேபினட் காப்பகத்துக்கு ஆர்.எச்.டி. (RHT); லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு, அது பிரிட்டிஷ் மியூசியத்தின் பகுதியாக இருந்த காலத்தை நினைவூட்டும் பி.எம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தில் இருக்கும் தொகுப்புக்கு எம்.எச்., அதாவது மெட்ராஸ் ஹெர்பேரியம். ஊர் மாறியும் குறியீடு மாறவில்லை. இதைப் பார்த்துவிட்டுச் சென்னையில் போய்த் தேடாதீர்கள். ஸ்லோனின் ஏட்டுக்குக் குறியீடு மட்டும் போதாது. தொகுதி எண், ஏட்டெண் இரண்டும் வேண்டும்.