பொறிவைத்துப் பிடித்த வழக்கில் விடுதலை: ஊர் பேசுவதும் நீதிமன்றம் பார்ப்பதும்

போலீஸ் பொறிவைத்துப் பிடித்த ஒருவரை நீதிமன்றம் விடுவித்தால், அன்று மாலைக்குள் பினாங்கில் இரண்டு கதைகள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்று, "காசு கொடுத்து வெளிய வந்துட்டான்." இன்னொன்று, "போலீஸ் செட்டப் பண்ணுச்சு, அதான் விட்டுட்டாங்க." குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன் என்பதால் இரண்டையும் நான் அடிக்கடி கேட்கிறேன். முதல் கதை வெறும் வம்பு. இரண்டாவது கதை நியாயம் பேசுவதுபோல் இருப்பதால் படித்தவர்கள்கூட நம்பிவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

மலேசியாவில் போலீஸ் பொறி வைப்பது சட்டப்படி செல்லும். வாங்குபவர்போல் நடித்து ஒருவரைப் பிடித்தார் என்ற ஒரே காரணத்துக்காக அந்த அதிகாரியின் சாட்சியத்தை நம்பத்தகாதது என்று கருதக் கூடாது என்கிறது 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 40ஏ பிரிவு. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்திலும் 52ஆவது பிரிவு ஏறக்குறைய இதையே சொல்கிறது. அதாவது, "என்னைத் தூண்டிவிட்டார்கள்" என்பது இங்கே தனியாக நின்று ஒருவரைக் காப்பாற்றும் எதிர்வாதம் கிடையாது. எனவே, செட்டப் செய்ததால் விட்டுவிட்டார்கள் என்று ஊர் சொல்லும்போது, நம் சட்டத்தில் இல்லாத ஒரு காரணத்தைச் சொல்கிறது.

அமெரிக்காவில் அப்படி ஒரு எதிர்வாதம் உண்டு. கார் தயாரிப்பாளர் ஜான் டிலோரியனை 1982 அக்டோபரில் எஃப்பிஐ ஒரு கொக்கேய்ன் பேரத்தில் பொறிவைத்துப் பிடித்தது. அந்த வீடியோ விசாரணை தொடங்கும் முன்பே தொலைக்காட்சியில் வந்துவிட்டது. பார்த்தவர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் 1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜூரி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. வீடியோவில் தெரிந்ததைவிட, அதற்கு முன்னால் யார் யாரைத் தேடிப்போனார்கள் என்பதுதான் அங்கே பெரிய கேள்வியாக இருந்தது. நம் நாட்டில் ஜூரி முறையை 1995ஆம் ஆண்டோடு எடுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் ஒரே நீதிபதி கேட்டு முடிவு செய்கிறார். ஆனால் பொதுமக்கள் வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் பழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சரி, சட்டம் இவ்வளவு தூரம் அரசுத் தரப்புக்கு வசதி செய்து கொடுத்திருக்கும்போது இந்த வழக்குகள் ஏன் தோற்கின்றன? நான் பார்த்தவரை முக்கியக் காரணம் இடைத்தரகர்.

நான் நடத்திய ஒரு போதைப்பொருள் வழக்கைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். செபராங் பிறை பக்கம் லோரி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தார்கள். வாங்க வந்தவர் மாறுவேடத்தில் இருந்த அதிகாரி. இவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. நடுவில் ஓர் "அண்ணன்" இருந்தார். போனில் பேசியவர் அவர், விலை சொன்னவர் அவர், இடமும் நேரமும் குறித்தவர் அவர். காருக்குள் இருந்த பையை வைத்தவரும் அந்த அண்ணன்தான் என்பது இளைஞரின் பதில். நீதிமன்றத்துக்கு எல்லாரும் வந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. அவர் தகவல் கொடுப்பவர், அடையாளத்தைச் சொல்ல முடியாது என்று அரசுத் தரப்பு நின்றது.

தகவல் கொடுப்பவரை அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 40ஆவது பிரிவு பாதுகாக்கிறது. பாதுகாக்கவும் வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் "அங்கே சரக்கு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவருக்கும், பேரத்தில் இறங்கி ஆளை இழுத்துவருபவருக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது வகை ஆள் அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார் என்று நம் மேல் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அப்படிப்பட்டவரைக் கூண்டில் ஏற்றாமல் மறைத்தால், அவர் வந்து பேசியிருந்தால் அது அரசுத் தரப்புக்கு எதிராகத்தான் இருந்திருக்கும் என்று 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114(ஜி) பிரிவின்படி நீதிபதி அனுமானிக்கலாம். எங்கள் வழக்கில் அதுதான் நடந்தது. அரசுத் தரப்பு தன் சாட்சிகளை முடித்ததுமே, இளைஞரை எதிர்வாதத்துக்கே அழைக்காமல் நீதிபதி விடுவித்தார்.

அந்த இளைஞரின் அம்மா சில வாரம் கழித்து என் அலுவலகத்துக்கு வந்தார். "சார், கோயில்ல பாக்கிறவங்க எல்லாம் எவ்வளவு செலவாச்சுன்னு கேக்கிறாங்க," என்றார். அவர்கள் கேட்டது என் கட்டணத்தை இல்லை.

இன்னொரு காரணம் சான்றுப் பொருள். போலீஸ் நிலையத்திலிருந்து ரசாயனத் துறைக்கும் அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் பொட்டலம் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் குறியீடு, எடை, கையெழுத்து எல்லாம் பொருந்த வேண்டும். ஹெராயின் 15 கிராமைத் தொட்டால், கஞ்சா 200 கிராமைத் தொட்டால், கடத்தியதாகவே சட்டம் அனுமானிக்கிறது. தலைக்கு வரும் குற்றச்சாட்டு அது. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீங்கியிருந்தாலும் தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட வழக்கில் "எடையில ஒரு சின்ன வித்தியாசம், அதுக்குப் போய் விட்டுட்டாங்களே" என்று கேட்பவரிடம் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. கூண்டில் தன் பிள்ளை நின்றால் அவரும் அந்தக் கிராமைத்தான் எண்ணுவார்.

குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை நீதிபதி நம்பினால்தான் விடுதலை என்று பலர் நினைக்கிறார்கள். 1963இல் மாட் என்பவரின் வழக்கில் நீதிபதி சுஃபியான் தந்த வழிகாட்டுதலைத்தான் இன்றும் நாங்கள் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டுகிறோம். விளக்கத்தை நம்பினால் விடுவிக்க வேண்டும். நம்பவில்லை என்றாலும் உடனே தண்டிக்கக் கூடாது. நம்பாத அந்த விளக்கம் நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்புகிறதா என்று பார்க்க வேண்டும், கிளப்பினால் அப்போதும் விடுவிக்க வேண்டும். ஆகவே விடுதலையான எல்லாரையும் நீதிபதி நம்பினார் என்று அர்த்தமில்லை. விடுதலையானவரின் குடும்பத்துக்கு இது கேட்கப் பிடிக்காது. அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சான்றிதழ் கொடுத்துவிட்டதாக அவர்கள் வாட்ஸ்அப்பில் போடும்போது நான் வாயை மூடிக்கொள்வேன்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அரசியல்வாதி ஊழல் வழக்கில் விடுதலையானால் "காசு விளையாடிருச்சு". நம் தாமானில், அதாவது நம் குடியிருப்பில், வளர்ந்த பையன் விடுதலையானால் "போலீஸ் பொய்க் கேஸ் போட்டது". அதே சட்டம், அதே மாதிரிப் பொறி, அதே மாதிரிச் சாட்சிகள். மாறியது யார் நம்மவர் என்பது மட்டும்தான். நம் இளைஞர்களைப் போலீஸ் நடத்தும் விதம் பற்றி நமக்குக் கசப்பான அனுபவங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கசப்பை ஆதாரம்போல் எல்லா வழக்கிலும் நீட்ட முடியாது.

விடுதலையோடு கஷ்டம் முடிந்துவிடுகிறது என்பதும் உண்மையில்லை. மரண தண்டனைக்குரிய போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் கிடையாது. விசாரணை முடியும்வரை ரிமாண்டுதான், அது வருடக்கணக்கில் போகும். வெளியே வரும்போது வேலை இருக்காது, லோரிக் கடன் தவணை நின்றிருக்கும். அப்புறம் 1985ஆம் ஆண்டு சிறப்புத் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. போதைப்பொருள் கடத்தலில் தொடர்பு என்று அமைச்சர் கருதினால் விசாரணை இல்லாமலே ஒருவரை இரண்டு ஆண்டுவரை அடைத்துவைக்க அது வழிசெய்கிறது. நீதிமன்றம் விடுவித்தவரை இந்தச் சட்டத்தில் மறுபடி பிடித்ததும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. விடுதலையைக் கண்டு கொதிப்பவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

தீர்ப்பை யாருமே விமர்சிக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தீர்ப்பில் உள்ள காரணத்தை எடுத்துவைத்து, இது சரியில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். நாங்களே மேல்முறையீட்டில் அதைத்தான் செய்கிறோம். ஆதாரமில்லாமல் நீதிபதி காசு வாங்கினார் என்று முகநூலில் எழுதினால் விஷயம் வேறு. நீதிமன்ற அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 126ஆவது பிரிவு மேல் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. பகிர்ந்தேன், நான் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கோபத்தைக் காட்ட வேண்டிய சரியான இடம் வேறு இருக்கிறது. அந்த இடைத்தரகரை ஏன் கூண்டில் ஏற்றவில்லை, போன் உரையாடலை ஏன் பதிவு செய்யவில்லை, பதிவு செய்திருந்தால் ஏன் தாக்கல் செய்யவில்லை? இவை போலீசையும் அரசுத் தரப்பையும் கேட்க வேண்டிய கேள்விகள். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோகக்கூடிய கேள்விகளும்கூட.

தீர்ப்பின் காரணத்தைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பல வழக்குகளில் நீதிபதி காரணத்தைச் சுருக்கமாக வாயால் சொல்லிவிடுவார். விரிவான எழுத்துத் தீர்ப்பு பெரும்பாலும் மேல்முறையீடு வந்தால்தான் தயாராகும். அரசுத் தரப்பு 14 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் போட வேண்டும். போடவில்லை என்றால் அந்த விடுதலை நிலைத்துவிடும், அரசமைப்பின் 7ஆவது பிரிவுப்படி அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. முழுக் காரணம் எழுத்தில் வராமலே போகவும் வாய்ப்பு இருக்கிறது. எனவே அக்கறை உள்ளவர்கள் தீர்ப்பு நாளன்று ஜோர்ஜ்டவுன் லெபோ லைட்டில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு நேரில் வாருங்கள். குற்றவியல் விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். ஒழுங்காக உடுத்திக்கொண்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு, பின்வரிசையில் உட்காரலாம்.