மாதம் 10,000 டாலர் விளம்பரம்: இலவசத்துக்குப் பின்னால் ஓடும் ஏலம்

லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு கூகுள் நிறுவனம் மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரத்தை இலவசமாகத் தருகிறது. ஒரு மாதத்தோடு நிறுத்துவதில்லை. விதிகளுக்கு உட்பட்டு நடக்கும்வரை மாதாமாதம் தொடரும். 2003இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு ஆட் கிராண்ட்ஸ் என்று பெயர். இந்தியாவில் பதிவு செய்த சங்கங்களும், அறக்கட்டளைகளும், கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் வரும் நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், பள்ளி கல்லூரிகளுக்கு இதில் இடமில்லை.

இதைச் சொன்னால் பலரும் முதலில் நம்புவதில்லை. நம்பி, விண்ணப்பித்து, கணக்கும் வாங்கியவர்களுக்கு அப்புறம் வேறொரு குழப்பம் வருகிறது. கணக்கில் ஆயிரக்கணக்கான டாலர் இருக்கிறது, ஆனால் செலவாக மாட்டேன் என்கிறது. விளம்பரம் யார் கண்ணிலும் படுவதில்லை. காரணம் எளியது: கூகுள் தருவது ரொக்கம் அல்ல, ஓர் ஏலத்தில் உட்கார அனுமதி. அந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த உதவியில் பெரும்பகுதியைப் பயன்படுத்த முடியும். தெரியாவிட்டால் மாதக் கடைசியில் மீதித்தொகை காலாவதியாகிக்கொண்டே போகும்.

கூகுளில் நாம் எதையாவது தேடும்போது, முடிவுகள் திரையில் வருவதற்குள் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்தத் தேடலுக்குப் பொருந்தும் விளம்பரங்கள் ஒவ்வொன்றும், ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்ற விலையோடு களத்தில் இருக்கும். 1998இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ என்ற தேடல் தளத்தில், யார் அதிக விலை சொன்னார்களோ அவர்களுக்கே முதலிடம். கூகுள் 2002இல் இந்த முறையில் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. விளம்பரத்தைக் காட்டினாலே காசு வராது, யாராவது கிளிக் செய்தால்தான் வரும். அதிக விலை சொல்லியும் யாரும் தொடாத விளம்பரம் மேலே உட்கார்ந்திருந்தால் கூகுளுக்கும் நஷ்டம், தேடுகிறவருக்கும் எரிச்சல். அதனால் விலையோடு, கிளிக் ஆகும் வாய்ப்பையும் சேர்த்துப் பெருக்கத் தொடங்கினார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனைதான். ஒரு பெற்றோர், 'குழந்தைக்குக் காது கேட்கவில்லை' என்று தேடுகிறார். காதொலிக் கருவி விற்கும் இரண்டு கடைகள் ஏலத்தில் இருக்கின்றன. முதல் கடை கிளிக்குக்கு 60 ரூபாய் தருகிறேன் என்கிறது. அதன் விளம்பரம் சுமார் ரகம், கூகுள் போடும் தர மதிப்பு 4. இரண்டாம் கடை 40 ரூபாய்தான் சொல்கிறது, ஆனால் விளம்பரம் தேடலோடு நன்றாகப் பொருந்துகிறது, தர மதிப்பு 7. பெருக்கினால் முதல் கடைக்கு 240, இரண்டாம் கடைக்கு 280. குறைந்த விலை சொன்ன இரண்டாம் கடைக்கே முதலிடம்! அதுவும் சொன்ன 40 ரூபாயை அது முழுதாகக் கட்ட வேண்டியதில்லை. அடுத்தவரின் 240ஐத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். 240ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 34 ரூபாய் 30 காசு, அதற்கு ஒரு துளி மேலே.

ஜெயித்தவர் தன் விலையைக் கட்டாமல் அடுத்தவரின் விலையை ஒட்டிக் கட்டும் இந்த ஏற்பாட்டுக்கு மூத்த உறவு ஒன்று உண்டு. ஏலங்களைப் பற்றி வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961இல் எழுதிய ஆய்வு அது. பின்னர் 1996இல் அவர் நோபல் பரிசு பெற்றார். கூகுளின் ஏலம் விக்ரி சொன்னதை அப்படியே பின்பற்றுவதில்லை. இன்றைக்கு அதில் தேடுகிறவரின் இடம், நேரம், கருவி என்று இன்னும் பலவும் கணக்கில் சேர்கின்றன. ஆனால் அடிப்படை இதுதான்: விலையைத் தரம் தோற்கடிக்கலாம். தரம் என்று கூகுள் பார்ப்பது மூன்று. கிளிக் ஆகும் வாய்ப்பு எவ்வளவு, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் எவ்வளவு, கிளிக் செய்து போய்ச் சேரும் பக்கம் வந்தவருக்குப் பயன்படுமா.

சரி, இலவசக் கணக்கு இதில் எங்கே வருகிறது? காசு கொடுக்கும் விளம்பரங்களுக்கு அடுத்துத்தான். கிராண்ட் விளம்பரங்கள் தங்களுக்குள் தனி ஏலத்தில் மோதிக்கொண்டு, மிச்சமிருக்கும் இடங்களில் வந்து உட்காருகின்றன. கூகுளுக்கு இது ஏன் கட்டுப்படியாகிறது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. புறப்படப்போகும் பேருந்தில் காலியாக இருக்கும் இருக்கை மாதிரி, ஒரு தேடல் பக்கத்தில் விற்காமல் போன விளம்பர இடம் அந்த நொடியோடு போய்விடும். அதை எடுத்துவைத்து நாளைக்கு விற்க முடியாது. அங்கே ஓர் அறக்கட்டளையை உட்காரவைப்பதால் கூகுளுக்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு, நல்ல பெயரும் கிடைக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏற்பாட்டின் கணக்கு இரு பக்கமும் ஒத்துப்போவதால்தான் இத்தனை ஆண்டுகள் நீடித்திருக்கிறது.

ஆகவே, 'குழந்தைக்குக் காது கேட்கவில்லை' என்ற தேடலில் கடைகள் முண்டியடிக்கும்போது இலவச விளம்பரத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அதே பெற்றோர் சில வாரம் கழித்து, 'காது கேளாத குழந்தையின் பெற்றோருக்குச் சைகை மொழி வகுப்பு திருச்சி' என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். இதில் விற்க எதுவும் இல்லை, அதனால் கடைகள் வரமாட்டார்கள். அந்த வகுப்பை நடத்தும் ஒரு சிறிய டிரஸ்ட் திருச்சியில் இருந்தால், பக்கத்தின் உச்சி அதற்கே கிடைக்கலாம். வியாபாரம் எட்டிப்பார்க்காத இந்த மாதிரித் தேடல்களில்தான் சேவை அமைப்புகளின் வேலை இருக்கிறது. இந்தத் திட்டத்தின் உண்மையான மதிப்பும் அங்கேதான்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், பலரைத் தலைசுற்ற வைக்கும் விதிகளுக்கும் காரணம் புரியும். 2018 ஜனவரி முதல் கூகுள் இவற்றை இறுக்கியது. கணக்கு மொத்தத்தில் மாதத்துக்கு 5 சதவீதக் கிளிக் விகிதம் இருக்க வேண்டும். அதாவது விளம்பரம் 100 முறை தெரிந்தால் குறைந்தது 5 பேர் கிளிக் செய்திருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் இதற்குக் கீழே போனால் கணக்கு முடக்கப்படலாம். 'கல்வி', 'உதவி', 'குழந்தை' போன்ற ஒற்றைச் சொல் தேடுசொற்களுக்கு, அமைப்பின் சொந்தப் பெயர் போன்ற சில விலக்குகள் தவிர, அனுமதி இல்லை. 'கல்வி' என்று தேடுகிறவர் பாடத்திட்டத்தைத் தேடுகிறாரா, கல்விக்கடன் தேடுகிறாரா, கட்டுரைப் போட்டிக்குக் குறிப்பு தேடுகிறாரா என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட சொல்லில் விளம்பரம் லட்சம் முறை தெரிந்து, கிளிக் விகிதம் பாதாளத்துக்குப் போகும். அந்த ஒரு சொல்லே மற்ற நல்ல சொற்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொரு விதி, கிளிக்குக்கு 2 டாலர் உச்சவரம்பு. 10,000 டாலரை நாள் கணக்கில் பிரித்தால் ஒரு நாளைக்கு சுமார் 329 டாலர் வருகிறது. கிளிக்குக்கு 2 டாலர் வீதம் முழுதும் செலவானால் ஒரு நாளைக்கு 164 பேர், மாதத்துக்கு 5,000 பேர் தளத்துக்கு வரலாம். இந்தியாவில் பல தேடுசொற்களுக்கு 2 டாலர் ஆகாது, அதனால் கணக்குப்படி இன்னும் அதிகம் பேர் வரலாம். ஆனால் அத்தனை பேர் அந்தச் சொல்லைத் தேட வேண்டுமே. திருச்சியில் சைகை மொழி வகுப்பு தேடுகிறவர்கள் மாதம் சில பேர்தான் இருப்பார்கள். மொத்தத் தொகையைச் செலவழிப்பதை இலக்காக வைத்துக்கொண்டு சொற்களை அகலமாக்கும் அமைப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன. அந்தச் சில பேர் தேவையுள்ள பெற்றோராக இருந்தால், மீதி 9,900 டாலர் வீணானதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை என்பது என் கருத்து.

2 டாலர் வரம்பைத் தாண்டவும் ஒரு வழி உண்டு. விலை சொல்லும் பொறுப்பை இயந்திரத்திடம் விட்டுவிடுவது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய கிராண்ட் கணக்குகளுக்கு இந்தத் தானியங்கி முறை கட்டாயம். விளம்பரத்தைக் கிளிக் செய்ததும் திறக்கும் பக்கத்தின் முகவரியைக் கவனித்துப் பாருங்கள். அதன் வாலில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கிளிக்கின் அடையாளம் அது. தளத்தில் இருக்கும் ஒரு சிறு நிரல் அதை உலாவியில் குறித்துவைத்துக்கொள்ளும். வந்தவர் வகுப்புக்கான படிவத்தை நிரப்பி, 'உங்கள் பதிவு கிடைத்தது' என்ற பக்கத்தை அடைந்ததும், இந்தக் குறியீட்டுக்கு உரிய கிளிக் பலன் தந்தது என்று கூகுளுக்குச் செய்தி போகும். எந்தத் தேடலில், எந்த நேரத்தில், எந்த ஊரிலிருந்து வந்த கிளிக்குகள் பலன் தருகின்றன என்று இயந்திரம் கற்றுக்கொண்டு, அப்படிப்பட்ட தேடல்களில் விலையைத் தானே ஏற்றும், மற்றவற்றில் இறக்கும்.

எதைப் பலன் என்று நாம் காட்டுகிறோமோ அதைத்தான் இயந்திரம் துரத்தும். முகப்புப் பக்கம் திறந்ததையே பலன் என்று அமைத்துவிட்டால், சும்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர்களை அது கூட்டம் கூட்டமாக அழைத்துவரும். புள்ளிவிவரம் அழகாக இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. படிவம் நிரப்பியது, போன் எண்ணைத் தட்டியது, நன்கொடை முடித்தது என்று உண்மையான செயல்களை மட்டும் பலனாக வைக்க வேண்டும். கூடவே ஒரு பொறுப்பும் வருகிறது. உதவி தேடி வரும் பெற்றோரின் விவரங்களைப் படிவத்தில் வாங்குகிறோம். பெயரும் போன் எண்ணும் போதுமென்றால் குழந்தையின் மருத்துவ விவரத்தைக் கேட்கவே கூடாது. எத்தனை அமைப்புகள் இதை யோசிக்கின்றன என்று நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

தமிழில் விளம்பரம் செய்யும் வசதி 2018இல் வந்தது. ஆனால் நாம் தேடும் விதம் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் தமிழ் எழுத்தில் தட்டுவார், இன்னொருவர் அதே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார், மூன்றாமவர் ஆங்கிலத்திலேயே தேடி ஊர்ப் பெயரை மட்டும் சேர்ப்பார். 'காது கேக்கல', 'காது கேளாத', 'செவித்திறன் குறைபாடு' என்று ஒரே தேவைக்கு எத்தனையோ வாசல்கள். அலுவலகக் கோப்பில் இருக்கும் 'செவித்திறன் குறைபாடு' என்பதை மட்டும் தேடுசொல்லாக வைத்தால், பதற்றத்தோடு பேச்சு வழக்கில் தட்டும் தாய் தவறிப்போவார். அமைப்புக்கு வரும் போன் அழைப்புகளில் மக்கள் முதலில் சொல்லும் வாக்கியத்தை அப்படியே ஒரு நோட்டில் எழுதிவைப்பது, எந்த மென்பொருளும் தராத தேடுசொல் பட்டியலைத் தரும்.

விளம்பரத்தைத் தாண்டியும் இலவசங்கள் உண்டு. 1987இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் காம்ப்யூமென்டர் என்ற பெயரில் தொடங்கிய டெக்சூப், இந்தத் துறைக்கே பாதை போட்ட அமைப்பு. கணினி தெரிந்த தன்னார்வலர்களைச் சேவை அமைப்புகளோடு இணைப்பதில் ஆரம்பித்து, மென்பொருள் நன்கொடைகளுக்கான சரிபார்ப்பு மையமாக வளர்ந்தது. கூகுள் ஒர்க்ஸ்பேஸ், அமைப்பின் சொந்த டொமைன் (இணைய முகவரி) பெயரில் மின்னஞ்சலும் கோப்பு வசதியும் தருகிறது. கேன்வா தன் கட்டணப் பதிப்பை ஓர் அமைப்பில் 50 பேர்வரை இலவசமாகப் பயன்படுத்த விடுகிறது. மைக்ரோசாஃப்ட், 10 பேருக்கு இலவசமாகக் கொடுத்துவந்த பிசினஸ் பிரீமியம் பதிப்பை 2025 ஜூலையோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்து, இணையத்திலும் போனிலும் மட்டும் இயங்கும் எளிய பதிப்பை 300 பேர்வரை இலவசமாகத் தொடர்ந்தது. அதை நம்பியிருந்த சிறு அமைப்புகள் அவசரமாக மாற்று ஏற்பாடு தேட வேண்டியதாயிற்று. கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் நிபந்தனையை மாற்றலாம். அதனால் நன்கொடையாளர் பட்டியலையும் கணக்குகளையும் மாதம் ஒருமுறை தனியே நகல் எடுத்து வைப்பது அவசியம்.

விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காகிதங்களைத்தான். பதிவுச் சான்றிதழிலும் பான் அட்டையிலும் இணையதளத்திலும் அமைப்பின் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா? ஓர் இடத்தில் முழுப்பெயர், இன்னோர் இடத்தில் சுருக்கம் என்றிருந்தால் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போகலாம். அடுத்து டொமைன். யாரோ ஒரு தன்னார்வலரின் சொந்தக் கணக்கில் வாங்கியிருந்தால், அவர் நல்லபடியாகத் தொடர்பில் இருக்கும்போதே டிரஸ்டின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இணையதளத்தில் வேறு நிறுவனங்களின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அப்புறம், அமைப்பு செய்யும் வேலையை ஊர்ப் பெயரோடு, நேரத்தோடு, யாருக்கு என்பதோடு தெளிவாகச் சொல்லும் ஒரு தனிப் பக்கம் வேண்டும். 'திருச்சியில் சனிக்கிழமை மாலை, பெற்றோருக்கான சைகை மொழி வகுப்பு, கட்டணம் இல்லை' என்ற அளவுக்குத் தெளிவாக. ஏலத்தில் தர மதிப்பை உயர்த்துவதும் அந்தப் பக்கம்தான்.