சொல் விளக்கம்: கல்லூரிக் கால்பந்தில் ‘கான்பரன்ஸ்’

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு. எழுதுவதிலும் ‘மாநாட்டு சாம்பியன்’, ‘மாநாடு அல்லாத ஆட்டம்’ என்றெல்லாம் வந்துவிடுகிறது. ‘கான்பரன்ஸ்’ என்பதற்கு மொழிபெயர்ப்புச் செயலி கொடுத்ததை அப்படியே ஒட்டியதன் விளைவு. 2024-ல் ஓரிகன் பல்கலைக்கழகம் ‘பிக் டென் மாநாட்டை வென்றது’ என்று படிக்கும் வாசகர், அங்கே என்ன தீர்மானம் போட்டார்கள் என்றுதான் கேட்பார். ஆகஸ்ட் இறுதியில் பருவம் தொடங்குமுன் வெளியாகும் முன்னோட்டக் கட்டுரைகள் பெரும்பாலும் கான்பரன்ஸ் வாரியாகவே எழுதப்படுகின்றன. இந்தச் சொல்லைத் தவறாகப் பிடித்தால் அந்தக் கட்டுரைகளின் கணக்கும் பிடிபடாது.

முதலில் பொருள். ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டு, தங்களுக்குள் அட்டவணை போட்டு ஆடி, ஆண்டுதோறும் தங்களுக்குள் ஒரு சாம்பியனை முடிவுசெய்யும் பல்கலைக்கழகங்களின் நிலையான அமைப்புக்குப் பெயர் கான்பரன்ஸ். அதற்கென்று ஆணையர் உண்டு, தலைமையகம் உண்டு. ஆட்ட நடுவர்களை நியமிப்பதும், அபராதம் விதிப்பதும், தொலைக்காட்சி உரிமையை விற்று வரும் பணத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடுவதும் அதன் வேலை. இது எங்கும் கூடிக் கலையும் கூட்டம் இல்லை.

அப்படியானால் கூட்டத்தைக் குறிக்கும் சொல் எப்படி இதற்குப் பெயரானது? லத்தீனில் ‘கான்ஃபெர்ரே’ என்றால் ஒன்றாகக் கொண்டுவருதல். ஒன்றையொன்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல் என்றும் பொருள்படும். ஆங்கில அடிக்குறிப்புகளில் ‘ஒப்புநோக்குக’ என்ற இடத்தில் வரும் ‘சி.எஃப்.’ இதே வினையின் சுருக்கம்தான். அதிலிருந்து கலந்து பேசுதல் என்ற பொருளும், பிறகு பேசுவதற்காகக் கூடும் கூட்டம் என்ற பொருளும் ஆங்கிலத்தில் நிலைத்தன.

விளையாட்டுக்குள் இச்சொல் வந்த கதைக்குத் தேதியும் இடமும் இருக்கின்றன. 1895 ஜனவரி 11 அன்று, பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைத்ததன் பேரில், சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டலில் ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடினார்கள். கால்பந்தில் ஒழுங்கு கெட்டுப்போயிருந்தது. படிக்காதவர்களையும் காசுக்கு ஆடுபவர்களையும் மாணவர் என்று சொல்லிக் களமிறக்கினார்கள். முழுநேர மாணவராக, படிப்பில் பின்தங்காதவராக இருப்பவரே ஆடலாம் என்பது அந்தக் கூட்டத்தின் முக்கிய முடிவு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே ஓட்டலில் பேராசிரியப் பிரதிநிதிகள் கூடி அமைப்பை உறுதிப்படுத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘பேராசிரியப் பிரதிநிதிகளின் கல்லூரிகளிடைக் கான்பரன்ஸ்’. அந்தப் பெயரில் கான்பரன்ஸ் என்றது உண்மையிலேயே கூட்டத்தைத்தான். கூடியவர்கள் கலைந்தாலும் விதிகள் நின்றன, அட்டவணை நின்றது, பெயரும் ஒட்டிக்கொண்டது. மக்கள் வழக்கில் முதலில் ‘வெஸ்டர்ன் கான்பரன்ஸ்’, விலகிப்போன மிச்சிகன் 1917-ல் திரும்பியபின் ‘பிக் டென்’. சட்டப் பதிவில் மட்டும் அந்த நீளப் பெயர் 1987 வரை இருந்தது.

இதைப் பார்த்தே மற்ற வட்டாரங்களும் பெயர் வைத்துக்கொண்டன. 1915-ல் பசிபிக் கோஸ்ட் கான்பரன்ஸ், 1932 டிசம்பரில் சதர்ன் கான்பரன்ஸிலிருந்து 13 பள்ளிகள் பிரிந்து உருவாக்கிய சவுத்ஈஸ்டர்ன் கான்பரன்ஸ், அதாவது இன்றைய எஸ்இசி. (இந்த உலகில் பல்கலைக்கழகத்தையும் ‘ஸ்கூல்’ என்பார்கள்.)

ஒழுங்குமுறைக்காகப் பிறந்த அமைப்பு பண அமைப்பானது 1984-ல். அதுவரை தொலைக்காட்சியில் எந்த ஆட்டம் வரலாம், எத்தனை முறை வரலாம் என்பதைத் தேசிய அமைப்பான என்சிஏஏ கையில் வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை 7–2 என்ற பெரும்பான்மையில் உடைத்தது. உரிமையை விற்கும் வேலை காலப்போக்கில் கான்பரன்ஸ்களிடம் வந்துசேர்ந்தது. 2022-ல் பிக் டென் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டும் நியூஜெர்சியின் ரட்கர்ஸும் இன்று ஒரே கான்பரன்ஸில் இருப்பதன் காரணம் இந்தத் தொகையில்தான் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம்.

‘மாநாடு’ தன்னளவில் நல்ல சொல். சோழர் காலத்தில் ‘நாடு’ என்பது நிலப்பிரிவையும் அதன் அவையையும் சேர்த்தே குறித்தது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ‘மகாநாடு’ என்று எழுதினார்கள். பிறகு அது ‘மாநாடு’ ஆனது. ஆனால் இன்று மாநாடு என்றால் பந்தல், மேடை, இரண்டு மூன்று நாள் நிகழ்ச்சி. 130 ஆண்டுகளாகத் தொடர்ந்து இயங்கும் அமைப்பை அந்தச் சொல் தாங்காது.

‘பிரிவு’ இன்னும் ஆபத்தானது. பிரிவு என்றால் ஏதோ ஒரு முழுமையின் பகுதி. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அது உண்மை: அங்கே ஒரே லீக்கை இரண்டு கான்பரன்ஸாகவும், ஒவ்வொன்றையும் நான்கு அணிகள் கொண்ட நான்கு டிவிஷன்களாகவும் பிரித்திருக்கிறார்கள். கல்லூரியில் கான்பரன்ஸுக்கு மேலே அப்படியொரு லீக் கிடையாது. அதுவே லீக். போதாக்குறைக்கு, கான்பரன்ஸுக்குள்ளேயே டிவிஷன்கள் இருந்த காலமும் உண்டு. ‘பிரிவு’ அதற்கு வேண்டும்.

‘கூட்டணி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். தமிழ்நாட்டு அரசியலை அறிந்தவர்களுக்கு அணி தாவல் இங்கே அத்தனை பொருத்தமாகத் தெரியும். 2024-ல் பாக்-12 என்ற கான்பரன்ஸை விட்டுப் பத்துப் பல்கலைக்கழகங்கள் ஒரே பருவத்தில் வெளியேறின. நான்கு பிக் டென்னுக்கு, நான்கு பிக் 12க்கு, இரண்டு ஏசிசிக்கு (அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ்). ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சின. ஆனாலும் கூட்டணி தேர்தல் முடிந்தால் கலையக்கூடியது. அதற்குச் சாசனமும் நடுவர் குழுவும் கிடையாது.

‘கூட்டமைப்பு’ பொருந்துகிறது. உறுப்பினர் தனித்தனி, அமைப்பு ஒன்று, விதி பொது, உள்ளே வரலாம், வெளியே போகலாம் என்ற நான்கும் இச்சொல்லில் இருக்கின்றன. உலகக் கால்பந்தில் கண்டம்வாரியான அமைப்புகளுக்கும் இதையே ஆள்கிறோமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஈழ வாசகர்களுக்கோ கூட்டமைப்பு என்றதும் கட்சிதான் நினைவுக்கு வரும். எனவே கட்டுரையில் முதன்முறை ‘பல்கலைக்கழகக் கூட்டமைப்பு’ என்று முழுதாகவும், பிறகு ‘கூட்டமைப்பு’ என்றும் எழுதுவது பாதுகாப்பானது. ‘லீக்’ என்பதும் பொருளளவில் தப்பில்லை. ஆனால் அமெரிக்க வாசகர் அதை என்எஃப்எல் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

சொல் சரியானால் அட்டவணை புரியும். முன்னோட்டங்களில் ஒவ்வோர் அணிக்கும் வெற்றி–தோல்வி இரண்டு பத்திகளில் இருக்கும். ஒன்று கூட்டமைப்பு ஆட்டங்களுக்கு மட்டும், மற்றொன்று மொத்தத்துக்கும். வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டம். அதில் எட்டோ ஒன்பதோ கூட்டமைப்புக்குள். டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கும் கூட்டமைப்பு இறுதியாட்டத்துக்கு யார் போவது என்பதை முதல் பத்தி மட்டுமே தீர்மானிக்கும்.

2025-ல் ஏசிசியில் நடந்ததைப் பார்த்தால் போதும். வர்ஜீனியா 7–1. அதற்கடுத்து மயாமி, ஜார்ஜியா டெக், பிட்ஸ்பர்க், எஸ்எம்யு, டியூக் என ஐந்து அணிகள் 6–2. டியூக்கின் மொத்தக் கணக்கு வெறும் 7–5. இலினாய், டுலேன், கனெக்டிகட் ஆகிய மூன்று வெளி அணிகளிடமும் தோற்றிருந்தது. கூட்டமைப்புக்குள்ளேயே ஜார்ஜியா டெக்கிடமும் தோற்றிருந்தது. ஆனால் ஐந்தில் ஒவ்வோர் அணியும் மற்ற நான்கோடும் ஆடியிருக்கவில்லை என்பதால் நேருக்கு நேர் கணக்கு உதவவில்லை. கூட்டமைப்பு எதிரணிகளின் வெற்றி விழுக்காடு வரை விதி இறங்கியது. அதில் டியூக் முந்தி இறுதிக்குப் போய், கூடுதல் நேரத்தில் 27–20 என்று வர்ஜீனியாவை வென்று சாம்பியனும் ஆனது. அப்படியும் தேசிய சாம்பியனை முடிவுசெய்ய 12 அணிகள் ஆடும் பிளேஆஃபில் அதற்கு இடமில்லை. அங்கே ஐந்து இடங்கள் தரவரிசையில் மேலே உள்ள கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு என்பது அந்தப் பருவத்தில் விதியாக இருந்தது. ஐந்து தோல்விகளோடு டியூக்கின் தரம் இறங்கிவிட்டதால், சிறிய கூட்டமைப்புகளின் சாம்பியன்களான டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ளே போயின. ஏசிசி இறுதிக்கே வராத மயாமி, சாம்பியன்களுக்கு ஒதுக்காத பொது இடத்தில் நுழைந்து தேசிய இறுதிவரை சென்றது. கூட்டமைப்புச் சாம்பியன், தேசிய சாம்பியன், பிளேஆஃப் தகுதி என்று மூன்று தனிக் கேள்விகள் இருப்பதை ‘மாநாட்டு வெற்றி’ என்ற ஒரே சொல் மூடி மறைத்துவிடும்.

கூட்டமைப்பு ஆட்டம் எது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு உறுப்பினர்கள் மோதினாலே அது கூட்டமைப்பு ஆட்டம் ஆகிவிடாது. 2024-ல் பிக் 12க்குள் வந்த அரிசோனாவும் யூட்டாவும் அதற்கு முன்பே முறையே கான்சஸ் ஸ்டேட், பெய்லர் ஆகியவற்றோடு ஒப்பந்தம் போட்டிருந்தன. அந்த ஆட்டங்கள் இரு அணிகளும் ஒரே கூட்டமைப்பில் இருக்கும்போதே ஆடப்பட்டும் கூட்டமைப்புக் கணக்கில் ஏறவில்லை. எனவே எதிரணியின் பெயரைப் பார்த்து எண்ணக் கூடாது. அட்டவணையில் கூட்டமைப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து எண்ண வேண்டும். இவற்றைத் தமிழில் ‘கூட்டமைப்பு ஆட்டம்’, ‘கூட்டமைப்புக்குப் புறம்பான ஆட்டம்’ எனலாம். ‘வெளியாட்டம்’ என்று சுருக்கினால் எதிரணியின் மைதானத்தில் ஆடுவதோடு குழம்பும்.

அடுத்து, யார் யாரோடு ஆடவில்லை என்பது. பிக் டென்னில் 18 அணிகள். ஓர் அணிக்கு ஒன்பது கூட்டமைப்பு ஆட்டம் என்றால் எட்டு அணிகளை அந்தப் பருவத்தில் சந்திக்கவே செய்யாது. 2024-ல் பென் ஸ்டேட்டும் இண்டியானாவும் 8–1 என்று சமமாக முடித்தன, தங்களுக்குள் மோதவில்லை, பென் ஸ்டேட் இறுதிக்குப் போனது. ஆகவே நல்ல முன்னோட்டம் மூன்றைச் சொல்ல வேண்டும்: சந்திக்காத வலுவான அணிகள் யார், ஒன்பதில் ஐந்து ஆட்டம் சொந்த மைதானத்திலா எதிரணி மைதானத்திலா, ஆண்டுதோறும் மாறாமல் காக்கப்படும் மோதல் எது. மிச்சிகன்–ஒஹாயோ ஸ்டேட் அப்படிப்பட்டது. பிக் டென்னின் தற்போதைய முறையில் அயோவாவுக்கு அப்படி மூன்று எதிரிகள், பென் ஸ்டேட்டுக்கு ஒன்றுகூட இல்லை. எஸ்இசி 2026 முதல் எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாறுகிறது. அதில் மூன்று எதிரணிகள் நிலையானவை, ஆறு சுழல்பவை. ஏசிசியும் ஒன்பதை நோக்கிப் போகிறது. ஆனால் அங்கே கால்பந்து ஆடுவது 17 அணிகள். பதினேழு ஒன்பது 153. அதை இரண்டால் வகுக்க முடியாது என்பதால், எப்படிப் போட்டாலும் ஓர் அணியாவது எட்டோடு நிற்க வேண்டும்.

டிவிஷன்கள் ஏன் போயின என்பதற்கு அதே பிக் டென் சாட்சி. 2014 முதல் 2023 வரை கிழக்கு, மேற்கு என்று பிரித்து ஆடினார்கள். பத்து இறுதியாட்டங்களிலும் கிழக்கே வென்றது. முதலிரண்டு இடத்து அணிகளை நேராக இறுதிக்கு அனுப்பும் முறைதான் இன்று பெரிய கூட்டமைப்புகளில் நடப்பில் உள்ளது. பழைய கட்டுரைகளைத் தமிழாக்கும்போது ‘கிழக்குப் பிரிவு’ தென்பட்டால் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவத்துக்கு முன் செய்தியாளர்கள் போடும் வரிசைக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? 2024-ல் பிக் 12இன் 16 அணிகளில் கடைசி இடம் தரப்பட்ட அரிசோனா ஸ்டேட் இறுதியில் அயோவா ஸ்டேட்டை 45–19 என வென்று சாம்பியனானது. அதே ஆண்டு ஏசிசியில் முதலிடம் தரப்பட்ட புளோரிடா ஸ்டேட் 2–10 என்று முடித்தது. பிக் 12 அடுத்த ஆண்டு அந்த வாக்கெடுப்பையே கைவிட்டது. ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் மாறும் காலத்தில், போன வருடத்து அணியை வைத்துக் கணித்தால் இப்படித்தான் ஆகும்.

பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். ‘பெரிய பத்து’ என்று எழுதிவிட்டு 18 அணிகளைப் பட்டியலிட்டால் வாசகர் சிரிப்பார். பிக் 12இல் 16 அணிகள். மறுபிறவி எடுத்த பாக்-12இல் 2026-ல் கால்பந்து ஆடுபவை எட்டு. எண் பெயரின் பகுதியாகிவிட்டது, எண்ணிக்கையைச் சொல்லவில்லை. உறுப்பினர் பட்டியலை எழுதுமுன் ஜூலை 1க்குப் பிந்தைய நிலையைச் சரிபார்க்க வேண்டும். மாற்றங்கள் வழக்கமாக அன்றுதான் நடைமுறைக்கு வருகின்றன.

எந்தக் கூட்டமைப்பிலும் கால்பந்துக்குச் சேராத அணிக்கு ஆங்கிலத்தில் ‘இண்டிபெண்டன்ட்’. இதற்குத் தேடவே வேண்டாம், ‘சுயேச்சை’ இருக்கிறது. நோட்ரடாமும் கனெக்டிகட்டும் சுயேச்சைகள். நோட்ரடாம் மற்றப் பெரும்பாலான விளையாட்டுகளில் ஏசிசி உறுப்பினர் என்பதால், ‘கால்பந்தில் சுயேச்சை’ என்று சேர்த்தே எழுத வேண்டும். என்எஃப்எல் கான்பரன்ஸுக்கு ‘பகுதி’ என்றும் டிவிஷனுக்குப் ‘பிரிவு’ என்றும் வைத்துக்கொண்டால், ஒரே கட்டுரையில் இரண்டு கால்பந்தும் வரும்போது ‘கூட்டமைப்பு’ கல்லூரிக்கு மட்டும் என்று நின்றுவிடும்.