வலி குறைந்தது நாய்க்கா, நமக்கா?

வயதான லாப்ரடார் ஒன்று பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. மூட்டுத் தேய்மானம். மூட்டுக்கென்று கொடுக்கும் குளுக்கோசமைன் என்ற சத்து மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தில், "இப்போ பரவாயில்லை டாக்டர், நல்லா நடக்கிறான்" என்கிறார் வளர்ப்பவர். மாத்திரை வேலை செய்துவிட்டதா?

அவசரப்படக் கூடாது. மூட்டுவலி ஒரே சீராக இருக்காது, ஏறும் இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் டாக்டரிடம் ஓடுகிறோம். அதற்கப்புறம் வெறும் மாவு உருண்டையைக் கொடுத்தாலும் கொஞ்சம் தேறிய மாதிரிதான் தெரியும். மாத்திரைமேல் நாய்க்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய நமக்கு நிறையவே உண்டு.

மைக்கேல் கான்செமியஸ், ரிச்சர்ட் எவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-இல் இதைத்தான் அளந்து காட்டினார்கள். ஒரு மருந்துச் சோதனையில் மருந்தே இல்லாத போலி மாத்திரை மட்டுமே பெற்ற 58 நாய்கள். தரையோடு தரையாகப் பதித்த, விசையை அளக்கும் பலகைமேல் நாயை நடத்திப் போனால், ஒவ்வொரு காலும் எவ்வளவு பாரத்தை ஊன்றுகிறது என்று அது பதிவு செய்துவிடும். நொண்டும் கால் குறைவாக ஊன்றும்; அதை மறைக்க நாய்க்குத் தெரியாது. பலகை முன்னேற்றம் எதையும் காட்டாதபோதும் வளர்ப்பவர்கள் பலர் 'தேவலை' என்றார்கள். சரி, படித்த மருத்துவரின் கண்? சுமார் பத்துக்கு நான்கு முறை அதுவும் ஏமாந்தது. எனக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி.

அதனால்தான் 'இந்த மாத்திரை நல்லதா?' என்ற கேள்வியை அப்படியே கேட்டால் பதில் கிடைப்பதில்லை. எந்த நாய்க்கு, எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எதை அளக்கிறோம் என்று நான்காக உடைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது மூன்றாவதில். ஒப்பிட ஆளில்லாமல் ஓடினால் யாரும் முதலிடம்தானே!

குளுக்கோசமைன் என்ன ஆயிற்று? நாய், பூனைகளின் மூட்டுத் தேய்மானம் பற்றிய சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2022-இல் வந்தது. குளுக்கோசமைனும், அதோடு வழக்கமாகச் சேர்க்கும் காண்ட்ராய்டின் என்ற இன்னொரு மூட்டுச் சத்தும் கலந்த கலவையால் வலி குறைவதாகத் தெரியவில்லை. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு சேர்த்த உணவு மட்டும் இந்தச் சோதனையில் தேறியது.

விசையை அளக்கும் பலகை எல்லா கிளினிக்கிலும் இருக்காது. கையில் போன் இருக்கிறதே. மாத்திரைக்கு முன்னும் பின்னும், அதே மாடிப்படியில், அதே நேரத்தில் நாய் ஏறுவதை எடுத்துவையுங்கள். எது முன்னது, எது பின்னது என்று சொல்லாமல் டாக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள்.